கட்டைவிரல் கேட்ட திருமுகத்துக்குப் பருந்துக்குன்றிலிருந்து மறுவோலை

ஏரிகள் நிறைக. கரைகள் நிலைக்க. நிறைந்த நீர் கலிங்கு வழியே அளவோடு செல்க.

பதினெட்டேரி நாடுடையாரும், பாலியாற்றுத் தென்கரை காப்பாரும், செம்பொறை நகரத்து அரியணையில் எழுந்தருளிக் குடிகளின் முறை கேட்பாருமாகிய கார்முகில் வேந்தர் திருவடி நிழலுக்கு, வடவெல்லைக் காவலாகிய பருந்துக்குன்றுக் கோட்டையிலிருந்து, தண்டத்தலைவர் விடங்கராயர் ஏவலின்படி, மண்சுமக்கும் தூம்பன் எழுத்தாணி பிடித்துக் கீறும் மறுவோலை. வேந்தருக்கும் மாதேவியாருக்கும் நோய் அணுகாதிருக்க. அரண்மனைக் கிணறுகளில் நீர் இறங்காதிருக்க. ஆனைக்கொட்டிலும் நெற்கூடும் நிறைந்திருக்க. இங்கு யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவதே முறை என்கிறார்கள். அந்த வரிக்கு எழுத்தாணி நகரவில்லை. ஆகையால் அது விடப்பட்டது.

இக்கோட்டையில் திருமுகம் எழுதிவந்த பெரியவர் மாசி மாதத்துக் காய்ச்சலில் இறந்துபோனார். கல்லில் வரிசைக் குறி வெட்டுவதற்காக நாற்பது வயதுக்குமேல் அவரிடம் எழுத்துக் கற்ற தூம்பன் ஒருவனே இப்போது குன்றின்மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவன். பேசினவர் பேச்சைப் பேசினபடியே எழுதுவான். மாற்றி அழகாக்கத் தெரியாது. அதில் பணிவு குறைந்து தோன்றினால் வேந்தர் பொறுத்தருள்க.

வேந்தரின் திருமுகம் நேற்று முன்தினம் உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தது. பருந்துக்குன்றின் வடமதிலைப் பகைவர் ஏறிவரும்படி சாய்த்துக் கட்டி நாட்டைக் காட்டிக்கொடுத்த மாசாத்தி என்பாளின் வலக்கைக் கட்டைவிரலைத் தறித்து, மூங்கில் குழலில் உப்பிட்டு, மறுவோலையோடு அனுப்புக என்பது அதில் கண்ட ஆணை. இந்த ஓலையோடு வரும் மூங்கில் குழலில் உப்பு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இத்தனை ஏடு கோக்கப்பட்டிருக்கிறது. வேந்தர் கடைசி ஏடு வரை கேட்டருள வேண்டும்.

மாசாத்தி யாரென்றால், பதினோரு ஏரியூர்களின் கரைவேலைக்கு மூப்பத்தி. அவள் புருஷன் நெடுநாள் மூப்பனாயிருந்து, ஒரு மழைக்காலத்தில் உடைப்பை அடைக்க இறங்கியவன் திரும்பி மேலே வரவில்லை. அன்றைக்கு அவன் கையிலிருந்து நழுவிக் கரையில் கிடந்த, கட்டு நேர் பார்க்கும் தூக்குநூலை எடுத்து, உடைப்பை மூடிவிட்டுத்தான் அழ உட்கார்ந்தாள். அது முதல் அவள்தான் மூப்பத்தி. அந்தத் தூக்குநூல் தொங்குவது அவள் வலக்கைக் கட்டைவிரலில். சாந்து அரைபட்டதா என்று தேய்த்துப் பார்ப்பதும் அந்த விரல். கல்லைத் தட்டி உள்வெடிப்புக் கேட்பதும் அதே விரல். காது கிட்டத்தில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். "இது வேண்டாம், வயித்துல நோவு இருக்கு" என்று தள்ளிவிடுவாள். அப்படித் தள்ளின கல் அடுத்த சம்மட்டி அடியில் இரண்டாய்ப் போவதை அவளிடம் வேலை செய்யும் அறுநூறு பேரும் பார்த்திருக்கிறார்கள்.

தை அறுவடை முடிந்த ஏழாம் நாள் வேந்தரின் முதல் திருமுகம் பதினோரு ஊருக்கும் வந்தது. வெள்ளூற்று நாட்டுப் படை ஆற்றைக் கடக்கப் பார்க்கிறது. பருந்துக்குன்றுக்கு மற்ற மூன்று புறமும் பாறை செங்குத்தாய் நிற்க, வடபுறம் ஒன்றே வெறும் சரிவு. அங்கே இருபது முழ உயரமும் பன்னிரண்டு முழ அடியகலமும் உள்ளதாய் நூறு நாளில் ஒரு மதில் எழுப்புக என்பது செய்தி. கோட்டைக் கொத்தர் எல்லாரும் தலைநகர் மதிலில் வேலையாயிருந்தபடியால் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். கல்லும் மண்ணும் அறிந்தவர்கள்தானே என்று கூப்பிட்டவர்களும் நினைத்தார்கள், போனவர்களும் நினைத்தார்கள். மாசாத்தி அந்தத் திருமுகத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். உயரம் சொல்லியிருந்தது. அகலம் சொல்லியிருந்தது. இரண்டையும் கயிற்றில் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு குன்றேறினாள்.

மதில் எழுந்த வகை இது. குன்றின் உச்சியிலேயே கல் எடுத்தோம். பாறைமேல் விறகடுக்கி நாள் முழுதும் எரித்து, தணல் தள்ளிய உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் பாறை தானே ஓலமிட்டு வெடிக்கும். வெடிக்காத இடத்தில் உளியால் வரிசையாய்க் குழி வெட்டி, காய்ந்த மர ஆப்பை இறுக்கி, மேலே நனைத்த சாக்கைப் போட்டுவைத்தால், ஆப்பு ஊறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். அப்படிப் பிளந்த கல்லை உருளைக் கட்டைமேல் ஏற்றி, வடம் பின்னே பிடித்து மெல்ல இறக்கி, மதில் இடத்தில் சேர்த்தோம். சுண்ணாம்பைக் கடுக்காய் நீரிலும் கருப்பட்டிப் பாகிலும் ஊறவைத்து, செக்கில் மாடு கட்டி அரைத்தோம். மதிலின் உள்வயிற்றை நிரப்ப வேண்டிய மண் மட்டும் அடிவாரத்திலிருந்து கூடையில் வந்தது. ஒரு நடைக்கு எண்ணூற்றுச் சொச்சம் படி. மண் சுமந்தவர்கள் பாதிவழியில் நின்று, "ஏ, இந்த மேட்ட ஏறுனாலே எதிரி செத்துருவானே, மதில் எதுக்கு?" என்பார்கள். கஞ்சிக்கொட்டகை உலகி மேலேயிருந்து, "நீ சாகல இல்ல? அவன் மட்டும் ஏன் சாவான்? வந்து குடிச்சிட்டுப் போ" என்பாள். கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று அவளோடு தினம் சண்டை. கல் எடுத்த பள்ளம் நாளுக்கு நாள் பெரிதாகி, பங்குனியில் பெய்த கோடைமழையில் நிரம்பி ஒரு குளமாகவே ஆகிவிட்டது. தண்ணீரைக் கண்டதும் அறுநூறு பேருக்கும் ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

தண்டத்தலைவர் விடங்கராயர் அத்தனை நாளும் ஆற்றுத்துறைகளில் படையோடு நின்றார். இன்று இத்தனை முழம் எழுந்தது என்று செய்தி மட்டும் அவருக்குப் போகும். தொண்ணூற்றாறாம் நாள் அவர் குதிரையில் வந்து, மதிலின் வெளிப்புறத்து அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான்கு நாள் முந்தி முடித்துவிட்டோம் என்று எல்லாரும் மேலே வரிசையாய் நின்றோம். மாசாத்தி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றாள்.

அப்போதுதான் உலகியின் ஆடு வந்தது. காலையில் வெளியே மேயப்போன ஆடு. மேலே அவள் கஞ்சிப்பானையில் அகப்பையைத் தட்டின சத்தம் கேட்டதும், தண்டத்தலைவரின் குதிரையைத் தாண்டி, மதிலின் அடியில் கால் வைத்து, அவசரமே இல்லாமல், இடையில் ஒரு கல்லிடுக்கில் முளைத்திருந்த புல்லைக்கூடக் கடித்துக்கொண்டு, நேரே மேலே ஏறி வந்து உச்சியில் நின்று கத்தியது.

தண்டத்தலைவர் குதிரையிலிருந்து இறங்கினார். ஆடு வைத்த இடத்திலெல்லாம் கால் வைத்துத் தாமும் ஏறினார். இருபது முழமும் ஏறி மாசாத்தியின் முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்காததுதான் அவர் முகத்தை வெளுக்க வைத்தது.

"என்னடி கட்டி வச்சிருக்கே?"

"கரை, நாயகரே."

"நான் மதில் கேட்டேன்."

மாசாத்தி ஆட்டைப் பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள். நூறு நாளாய்ப் பார்த்த மதிலை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறவள்போல் பார்த்தாள். வேந்தர் இதை நம்பவேண்டும்: அந்த நொடி வரைக்கும் அறுநூறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பிறந்தது முதல் ஏரிக்கரை கட்டின கைகள். நீர் நிற்கும் பக்கத்தைச் சாய்வாய் வைத்து, அலை மோதி அரிக்காதபடி கல்லைப் படிப்படியாய்ப் பாவி, வரும் தள்ளலுக்கு எதிரே தோள் கொடுத்து நிற்கச் செய்வதே எங்களுக்குத் தெரிந்த கட்டு. வடக்கேயிருந்து ஏதோ தள்ளிக்கொண்டு வரப்போகிறது என்றார்கள். வடக்கே தோள் கொடுத்தோம். அவ்வளவுதான் நடந்தது.

"தண்ணி தள்ளும், நாயகரே," என்றாள் மாசாத்தி. "தண்ணி ஏறி வராது. எனக்குத் தள்ளுறது மட்டுந்தான் தெரியும். கால் உள்ளது வரும்னு நான் நினைக்கலே."

"அந்த மூணு ஓட்டை என்ன?"

மதிலின் உச்சியை ஒட்டி, குளத்துக்கு நேராக, பலகை அடைப்போடு மூன்று வாய்கள் இருந்தன. "கலிங்கு," என்றாள். நிறைந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்து போக ஏரிக்கு வைக்கும் வாய் அது.

"கோட்டைக்கு எதுக்கடி கலிங்கு?"

"அது… வைக்காம எப்படி?" என்று அவள் திரும்பிப் பார்க்க, பின்னாலிருந்த அறுநூறு பேரும் ஆமாம், வைக்காமல் எப்படி என்று தலையாட்டினார்கள். தண்டத்தலைவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மதில்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே வேந்தருக்கு ஓலை போயிற்று. காட்டிக்கொடுத்தாள் என்ற சொல்லைத் தண்டத்தலைவர் சொல்ல, எழுதியதும் இந்த எழுத்தாணிதான். மூப்பத்தி இரண்டடி தள்ளி நின்றாள். என்ன எழுதுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. தூம்பனும் சொல்லவில்லை.

பகைப்படை ஒன்பது நாள் தொலைவில் இருந்தது. இடித்துக் கட்ட நாளில்லை. மாசாத்தி இரண்டு நாள் மதிலின் அடியில், வெளிப்புறத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகி கொண்டுபோன கஞ்சி ஆடை கட்டிப்போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து நேரே தண்டத்தலைவரிடம் வந்தாள்.

"நாயகரே, கரையில ஆளு எப்ப வழுக்கி விழும் தெரியுமா?"

"உனக்கு விரல் போகிற கவலை இல்லையா?"

"அது போறப்போ போகட்டும். களிமண் மெழுகின அன்னிக்கு விழும். புதுசா மெழுகி, மேல தண்ணி ஓடினா, நாய்கூட நிக்காது. அடிவாரத்துல வத்தின குளம் ஒண்ணு இருக்கு, கருங்களி. மேல தண்ணி இருக்கு. தண்ணிய விட வாயும் இருக்கு."

தண்டத்தலைவர் அந்த மூன்று கலிங்கையும் ஒருமுறை பார்த்தார். போ என்று கையசைத்தார். ஆறு நாள் அறுநூறு பேரும் களிமண் சுமந்தோம். காலால் மிதித்துப் பதமாக்கி, மேலிருந்து வடத்தில் தொங்கிக்கொண்டு, கல்லிடுக்கு ஒன்றுகூட விடாமல், சாய்வு முழுதும் ஒரு சாண் கனத்துக்கு அப்பினோம். கல்லே தெரியவில்லை. எருமை முதுகுபோல் கறுத்து மினுங்கியது. உலகி தன் ஆட்டைப் பிடித்துவந்து அடியில் விட்டாள். ஆடு இரண்டு கால் வைத்துப் பார்த்தது. பிறகு மாசாத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசல்வழியே சுற்றிக்கொண்டு வந்தது. குன்றுக்கு வந்தபின் முதல்முறையாகத் தண்டத்தலைவர் சிரித்தார்.

பத்தாம் நாள், பொழுது விடிந்து இரண்டு நாழிகையில், வெள்ளூற்று நாட்டுப் படை சரிவேறி வந்தது. மதிலைக் கண்டதும் முன்வரிசையார் சிரித்த சிரிப்பு மேலே கேட்டது. இப்படியும் ஒரு மதிலா என்று கேடயத்தைத் தட்டினார்கள். தோல்செருப்போடு ஓடிவந்து பாதி ஏறினார்கள். மாசாத்தி கை காட்டினாள். மூன்று கலிங்கும் திறந்தன. களிமண்மேல் நீர் ஒரு மெல்லிய துணிபோல் பரவி இறங்கியது. ஒருவன் விழுந்தான், அவன் பத்துப் பேரைத் தள்ளினான், அந்தப் பத்தும் நூறாயிற்று. அடியில் ஆளும் கேடயமும் குவியலாய்க் கிடந்தன. "ஏறி வாங்கய்யா, கஞ்சி ஆறிப்போகுது!" என்று உலகி மேலேயிருந்து கூப்பிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மாசாத்தியும் சிரித்தாள். அவள் சிரித்ததை எழுதத்தான் வேண்டும். அதற்குப்பின் அவள் சிரிக்கவில்லை.

பகைவர் பின்வாங்கிக் கொஞ்சநேரம் கூடிப் பேசினார்கள். பிறகு வேறு ஒரு வரிசையை முன்னே தள்ளினார்கள். கவசமில்லை, கேடயமில்லை, காலில் ஒன்றுமில்லை. கோவணம் கட்டின ஆட்கள், இருவருக்கு ஓர் ஏணியாய்த் தோளில் வைத்திருந்தார்கள். அவர்கள் பின்னால் ஈட்டிக்காரர் நின்றார்கள். இந்த ஆட்கள் களிமண்ணில் கால் வைத்தார்கள். விழவில்லை. பக்கவாட்டில் திரும்பி, குதிகால் படாமல், கால்விரலை மடக்கி மண்ணில் ஊன்றி, ஒருவர் வைத்த தடத்திலேயே அடுத்தவர் வைத்து, நீர் ஓடும்போதே ஏறி வந்தார்கள். மேலே இருந்தவர்கள் வாய் பிளந்து நின்றோம். பாதிக்குமேல் வந்துவிட்டார்கள்.

"உருட்டு கல்லை!" என்றார் தண்டத்தலைவர்.

மதிலோரத்தில் ஆளுயரக் கற்கள் முட்டுக்கொடுத்து நின்றன. முதல் முட்டுக்கட்டையைத் தட்டுவது மூப்பத்தியின் உரிமை. மாசாத்தி தட்டினாள். கல் உருண்டு, எல்லாருக்கும் முன்னால் ஏறி வந்தவன் மார்பில் மோதியது. அவன் மல்லாந்து சரிந்தான். சரிந்துகொண்டே முழுக்குரலில் கத்தினான்:

"கீழே ஆளு! கீழே ஆளு! ஒதுங்கு, ஒதுங்கு!"

வேந்தர் அரண்மனையில் இதன் பொருள் அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார் என்பதால் சொல்லவேண்டியிருக்கிறது. போர்வீரன் விழும்போது தாயை அழைப்பான், அல்லது தெய்வத்தை அழைப்பான். கரைவேலைக்காரன் அழைக்கமாட்டான். தலையில் கூடையோடு ஒருவன் மேலே வழுக்கினால் கீழே ஏறிவரும் இருபது பேரும் போவார்கள் என்பதால், சறுக்கின கணத்தில் கீழே உள்ளவர்களுக்குக் குரல் கொடுக்கவேண்டும் என்பதை, கூடை தூக்கும் முதல் நாளே அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு அது நினைத்துச் சொல்வதன்று. தானாய் வரும். தூக்கத்தில் கட்டிலிலிருந்து விழுந்தாலும் எங்கள் ஆட்கள் அதையே கத்துவார்கள். பெண்டாட்டிமார் சொல்லிச் சிரிப்பார்கள். நெஞ்சு உடைந்து விழுகிற ஒருவன், தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல், கீழே வருகிறவனை ஒதுங்கச் சொல்லிக்கொண்டே விழுந்தான்.

அறுநூறு பேர் கைகளும் அப்படியே நின்றன. இரண்டாம் முட்டில் சம்மட்டியை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். மாசாத்தி தன் கையைப் பார்த்தாள். முட்டுக்கட்டையைத் தட்டின கை. அது யாரோ ஒருத்தியின் கைபோல் அவளுக்கு முன்னால் நீண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கல் அடிவாரத்தில் போய் நின்ற சத்தம் கேட்கிற அளவு நேரம். பிறகு அவள் மதில் விளிம்பில் குனிந்து கேட்டாள், ஊர்ப்பாதையில் எதிர்ப்படுகிறவரைக் கேட்பதுபோல்:

"எந்த ஏரி?"

கீழே சாய்வில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். "நெட்டேரி," என்றது ஒரு குரல். "நெட்டேரி, கூவலேரி. இழுத்து வந்துட்டாங்க. பின்னால ஈட்டி இருக்கு தாயி, எறங்க முடியாது."

நெட்டேரி ஆற்றுக்கு அப்பால் உள்ள ஏரி. போர் வருமுன் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பெண் கொடுத்து வாங்கினோம். அங்கேயும் ஏணி சுமக்கக் கரைக்காரரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"வடத்தைப் போடு," என்றாள் மாசாத்தி.

"என்ன செய்கிறாய்! பகைவரை உள்ளே இழுக்கிறாயா!" என்று தண்டத்தலைவர் வாளை உருவிக்கொண்டு விளிம்புக்கு ஓடிவந்தார். அங்கே களிமண் அப்பியிருந்தது அவருக்குத் தெரியும். கோபத்தில் மறந்தார். செருப்புக்கால் வைத்த அடியிலேயே போய்விட்டார். வேந்தரின் தண்டத்தலைவர், வாள் ஒரு பக்கமும் தலைப்பாகை ஒரு பக்கமுமாய், தம் மதிலில் தாமே சறுக்கிப் பகைவரின் ஈட்டிமுனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார் என்பதை எழுதும்படி அவரே சொல்லியிருக்கிறார்.

பாதியில் ஒரு கை அவர் கச்சையைப் பற்றியது. சடையன் என்னும் நெட்டேரிக்காரன். ஏணியைப் போட்டுவிட்டு, மண்கூடையைத் தூக்குகிற மாதிரி அவரைத் தோளில் ஏற்றி, விரலை ஊன்றி ஊன்றி மேலே கொண்டுவந்து கிடத்தினான். "உங்க ஆளா இது?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். "நல்ல கனம்." தண்டத்தலைவருக்கு இடக்கால் முறிந்திருந்தது. விரலிலிருந்த முத்திரை மோதிரம் இல்லை. அது களிமண்ணில் எங்கோ புதைந்திருக்கிறது.

வடம் பிடித்து முப்பத்தேழு பேர் மேலே வந்தார்கள். தங்கள் ஏணிகளையும் விடாமல் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வேலைச் சாமானை விட்டுவர அவர்களுக்கும் மனம் வராது. ஏற்றிவிட ஆளில்லாமலும் ஏணியில்லாமலும் பகைவீரர் இன்னும் இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் குவியலாய் விழுந்து, பிற்பகலில் ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள். பருந்துக்குன்று வேந்தருடையதாகவே நிற்கிறது.

விழுந்தவன் பெயர் வாகையன். நெட்டேரி மடைக்குக் காவலாயிருந்தவன். வெயில் தாழ்ந்ததும் மாசாத்தி வடத்தில் இறங்கி அவனிடம் போனாள். குடத்து நீரால் மேலெல்லாம் களிமண்ணைக் கழுவினாள். முகம் கழுவி, கை கழுவி, காலுக்கு வந்தபோது நின்றுவிட்டாள். அவன் கால்விரல்கள் பத்தும் மண்ணில் ஊன்றினபடியே மடங்கி இருந்தன. ஒவ்வொன்றாய் நீட்டிவிடப் பார்த்தாள். முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவள் சோற்றில் கை வைத்ததும் பாதியில் நின்று, எங்கோ கேட்கிறவள்போல் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். என்ன மூப்பத்தி என்றால், ஒன்றுமில்லை என்கிறாள்.

இந்த நிலையில் வேந்தரின் திருமுகம் வந்தது. தண்டத்தலைவர் கஞ்சிக்கொட்டகையில் காலுக்கு மூங்கில் பத்தை கட்டிக் கிடந்தார். ஓலையைத் தூம்பன் எல்லார் முன்னிலும் எழுத்துக் கூட்டிப் படித்தான். கூட்டிப் படிப்பதால் எது வருகிறது என்று வாய்க்கு வரும் வரை அவனுக்கும் தெரியவில்லை. மாசாத்தி அம்மிக்கல்லின்மேல் வலக்கையை விரித்து வைத்தாள்.

"மறுபடி படி," என்றார் தண்டத்தலைவர். படிக்கப்பட்டது. "இன்னொரு முறை." மூன்றாம் முறையும் அதுதான் இருந்தது.

கத்தி கேட்டார். யாரும் அசையவில்லை. உலகி தன் அரிவாள்மணைமேல் உட்கார்ந்து சேலையால் மூடிக்கொண்டு, "என்கிட்ட ஒண்ணும் இல்லே" என்றாள். ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த சடையன் ஒன்றும் விளங்காமல், "இந்தக் கரையைக் கட்டினதுக்கா வெட்டுறாங்க? அங்க நாங்க பாத்து, யாரோ தெரிஞ்சவன் கட்டினதுன்னு பேசிக்கிட்டோமே" என்றான்.

தண்டத்தலைவர் மாசாத்தியிடம் சொன்னார்: "நான் எழுதினது பொய்யில்லை. மதில் சாய்ந்துதான் நிற்கிறது."

"ஆமா, நாயகரே. சாஞ்சுதான் நிக்குது."

"பகைவரை உள்ளே ஏற்றவும் ஏற்றினாய்."

"ஏத்தினேன்."

அவர் தம் மோதிரமில்லாத விரலை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்போது அவள்தான் பேசினாள். "அன்னிக்கு மூணு வாயும் ஒரே சமயத்துல ஓடினதுல மேற்கு முனையில அடிக்கல் ரெண்டு பறிஞ்சு போச்சு. இடி மழை ஒண்ணு பெஞ்சா அங்கிருந்து பிரிஞ்சிடும். அதைச் செங்குத்தா எடுக்கணும். இந்தத் தடவை கால் உள்ளதை நினைச்சுக் கட்டுறேன். தூக்குநூல் தொங்கவிட இந்த விரல் வேணும். அது முடிஞ்சதும் நானே குழல்ல போட்டுத் தரேன். உப்பும் நானே போடுறேன்."

அதன்மேல் தண்டத்தலைவர், நடந்ததை நடந்தபடி எழுது, எனக்குக் குறைவான இடத்தையும் எழுது, வேந்தர் அறிந்து சொல்லட்டும் என்றார். ஆகவே எழுதப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கும் இந்நேரத்திலும் மேற்கு முனையில் அவள் குரல் கேட்கிறது. நெட்டேரி ஆட்களும் கல் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களைச் சிறையிடுவதா, கஞ்சி ஊற்றுவதா என்பதும் வேந்தர் சித்தம். ஆணை வரும்வரை கஞ்சி ஊற்றப்படுகிறது.

வேந்தர் பொறுப்பாரானால் ஒரு விண்ணப்பம். முதல் திருமுகத்தில் உயரமும் அகலமும் நாளும் கண்டிருந்தன. எது வரப்போகிறது, அதற்குக் கால் உண்டா, அந்தக் காலை முன்னே தள்ளுகிறவன் யார் என்று ஒரு வரி இருந்திருந்தால், இந்த மதில் வேறாய் எழுந்திருக்கும். வாகையன் நெட்டேரி மடையில் உட்கார்ந்திருப்பான். இனி எந்த ஊருக்கும் கட்டச் சொல்லித் திருமுகம் போகும்போது அந்த ஒரு வரி சேர்க்கப்படுக.

கோட்டையின் முத்திரை மோதிரம் களிமண்ணில் கிடப்பதால், ஓலைக்கட்டின் முடிச்சில் அதே களிமண்ணை உருட்டி வைத்து, மாசாத்தி தன் வலக்கைக் கட்டைவிரலை அழுத்திக் கொடுத்தாள். திருமுகம் கேட்ட விரல் இவ்வடிவில் வருகிறது. ரேகை பாதிக்குமேல் தேய்ந்திருக்கும். அது கல் தேய்த்தது. குறுக்கே ஒரு வெடிப்பு ஓடும். அது சுண்ணாம்பு தின்றது. வேந்தர் அதன்மேல் தம் விரலை ஒருமுறை வைத்துப் பார்த்து, இது போதும் என்றோ போதாது என்றோ சொல்லியருள்க. சொல் வந்து சேரும்வரை அந்த விரலில் தூக்குநூல் தொங்கும். இது விடங்கராயர் ஏவல். இது மாசாத்தி விரல். எழுத்து தூம்பன்.